துப்பாக்கிக் குழலுக்குத் தக்கை போதுமா?

கேள்வி: களக்காட்டில் எங்களுக்கு வாழைத் தோட்டம் உண்டு. பன்றி விரட்டத் தாத்தா வாங்கிய பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில், உரிமத்தோடு இருக்கிறது. கருநீல மெருகு போய் வெளியே துரு படர்ந்துவிட்டது. முலாம் பட்டறைக்காரர் ஒருவர், "இரு முனையிலும் ரப்பர் தக்கை அடைத்துக் கொதிக்கும் தொட்டியில் முக்கிவிடலாம், உள்ளே ஒன்றும் ஆகாது" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். துப்பாக்கியைப் பழுதுபார்க்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். முலாம் பட்டறையில் அதை விட்டுவிட்டு வருவதே வம்பு.

அவர் சொல்லும் தொட்டியில் இருப்பது, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் கரைசல். தக்கை அடைத்த குழலை அதில் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தக்கையைப் பிடுங்கி எறியும். கொதிக்கும் காரம் ஆள்மேல் தெறிக்கும். தொழில் தெரிந்தவர்கள் இந்த முறையில் குழலைத் திறந்தே விட்டு, பிறகு உட்புறத்தை அலசி எண்ணெய் ஓட்டுவார்கள். உங்கள் துப்பாக்கிக்கு அதுவும் ஆகாது. பழைய இரட்டைக் குழல்களையும் அவற்றுக்கு நடுவே ஓடும் பட்டையையும் பெரும்பாலும் ஈயப்பற்றுதான் பிடித்திருக்கும். அந்தச் சூட்டில் பற்று உருகாது, ஆனால் காஸ்டிக் அரித்துவிடும். பட்டைக்கு அடியில் புகுந்த உப்பு பின்னாளில் துருவாக வெளியே கசியும்.

இதற்கு ஏற்றது, மெல்லத் துருவேற்றி, வெந்நீரில் கொதிக்கவைத்து, செந்துருவைக் கருப்பாக்கித் தேய்த்தெடுக்கும் பழைய முறை. பல தடவை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதால் கூலி கூடும், நியாயமான கூலிதான். இதில் உட்புறத்துக்கு வார்னிஷ் பூசி உலரவிட்டு, முனைகளில் மரத்தக்கை செருகுவார்கள். உண்மையான காப்பு வார்னிஷ்தான். பழைய மெருகை அமிலத்தில் கழற்றும்போதும் இந்தக் காப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேதான் பலர் அசட்டையாக இருப்பார்கள்.

உரிமம் உள்ள கடையில் கொடுக்குமுன் குழல் காலியா என்று பார்த்துவிட்டு, வெளிச்சத்தில் உட்புறத்தைப் படம் எடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண், மெருகு முறை, உட்புற நிலை மூன்றும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியைக் குழலுக்குள் செலுத்தி இழுங்கள். துணியில் செம்மண் நிறம் ஒட்டினால் கடையிலேயே காட்டிவிடுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.