அடித்தால் திருந்துவானா? - சிறப்புக் கல்வி ஆசிரியை பதில் சொல்கிறார்

கருங்கல்லில் இருந்து ஒரு அம்மா: மகனுக்கு 22 வயது, அறிவு வளர்ச்சி குறைவு. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணைத் தொட்டுவிட்டான். ஆட்கள் கூடி அடித்தார்கள். இனியாவது திருந்துவானா?

திருந்த மாட்டான் அம்மா, பயந்துபோவான். எட்டு வயதில் யார் கன்னத்தைத் தொட்டாலும் "பாவம், பிள்ளை" என்று சிரித்தோம். வளர்ந்த பிறகு அது கூடாது என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதற்காக அந்தப் பெண் பட்ட வேதனை குறைந்துவிடாது. அவர் புகார் கொடுத்தால் வாபஸ் வாங்கச் சொல்லி வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள்.

கற்றுக்கொடுக்க வழி இருக்கிறது. தரையில் சாக்பீஸால் வட்டத்துக்குள் வட்டமாக வரைவேன். நடுவில் அவன் போட்டோ. அடுத்த வட்டத்தில் அம்மா: கட்டிப்பிடிக்கலாம். அதற்கடுத்து மாமா: கைகொடுக்கலாம். வெளி வட்டத்தில் பஸ்ஸில் வருபவர்கள்: தொடவே கூடாது. ஒவ்வொரு போட்டோவையும் அவனே எடுத்து வைக்க வேண்டும். ஒருநாள் சரியாக வைப்பான், மறுநாள் மறந்துவிடுவான். திரும்பவும் முதலிலிருந்து.

குளச்சலில் இருந்து ஒரு அண்ணன்: வெளிநாட்டில் இதற்குச் சிகிச்சை உண்டாமே, பலன் இருக்கிறதா?

இங்கிலாந்தில் அறிவு வளர்ச்சி குறைந்து, இப்படித் தவறாக நடந்துகொண்ட ஆண்களுக்கென்றே சோட்செக்-ஐடி என்ற குழு சிகிச்சை இருக்கிறது. வாரம் ஒருமுறை 2 மணி நேரம், ஏறக்குறைய ஒரு வருஷம். உடலைப் பற்றிய பாடம், பாதிக்கப்பட்டவர் மனசு, ஆசை வந்தால் எங்கே நிறுத்துவது, அப்புறம் மறுபடி தவறு செய்யாமல் இருக்க ஒரு திட்டம். எல்லாம் படம், நடிப்பு வழியாகத்தான். சேர்ந்தவர்களுக்குப் புரிதலும் இரக்கமும் கூடியது, பெரும்பாலானோர் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. ஆட்டிசமும் சேர்ந்து இருந்தவர்கள் மறுபடி தவறு செய்யும் ஆபத்து கூடுதல்.

மார்த்தாண்டம் ஆசிரியர்: 16 வயது மாணவன், 9 வயதுக் குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டான். பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கலாமா?

கூடாது சார். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு இன்றே போன் போடுங்கள். அந்தக் குழந்தையைப் பாருங்கள் முதலில். மாணவன் வழக்கு, 18 வயதுக்குட்பட்டவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அவனுக்கு அறிவு வளர்ச்சி குறைவு என்றால் சான்றிதழோடு அங்கே சொல்லுங்கள்.

தக்கலை அக்கா: மாத்திரை போட்டால் அடங்குமா?

மாத்திரை கற்றுக்கொடுக்காது அக்கா. டாக்டர் பார்க்காமல் தூக்க மாத்திரை கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போகும்போது என்ன நடந்தது, எங்கே, எந்த நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வெட்கப்பட்டுப் பாதியை விழுங்கிவிடாதீர்கள்.