விஆர் கூடத்துக்கு உரிம மென்பொருள்: மீட்டர் எப்போது ஓடுகிறது என்று பாருங்கள்

கேள்வி: மதுரையில் ஒரு வணிக வளாகத்தில் ஆறு ஹெட்செட்டுகளுடன் விஆர் (மெய்நிகர் உலக) விளையாட்டுக் கூடம் திறக்க இருக்கிறேன். நான்கு கணினியோடு இணைபவை. இரண்டு தனித்து இயங்கும் மெட்டா குவெஸ்ட். விளையாட்டுகளை, இணையத்தில் கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் என் கணக்கில் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறேன். பிறகு எதற்கு வணிக உரிம மென்பொருள்? வேண்டும்தான் என்றால் எதை எடுப்பது, மாதச் சந்தாவா, நிமிடக் கட்டணமா?

பதில்: நீங்கள் காசு கொடுத்து வாங்கியது வீட்டில் விளையாடுவதற்கான உரிமை மட்டும். தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு என்று ஸ்டீமின் சந்தாதாரர் ஒப்பந்தமே சொல்கிறது. டிக்கெட் கொடுத்து ஒருவரை உள்ளே விட்டதும் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். பதிப்புரிமை மீறல் என்று வழக்காகி நிரூபணமானால், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் போலீஸ் வருவதைவிடக் கணக்கு முடக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம். அதுவும் கூட்டம் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் இருக்கும் வழிகள் வெவ்வேறு வகைப்பட்டவை. சிந்தசிஸ் விஆர் போன்றவை பல நிறுவனங்களின் விளையாட்டுகளை வணிக உரிமத்தோடு ஒரே இடத்தில் தந்து, ஓடிய நிமிடங்களைக் கணக்கிட்டு, உரியவர்களுக்குப் பங்கைச் சேர்ப்பவை. ஸ்டீமின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் நேரடியாக நடத்தும் ஸ்டீம் பிசி கஃபே திட்டத்தில் இருக்கைக் கணக்கில் உரிமம் வாங்கலாம். ஆனால் எந்த விளையாட்டு அதில் வரும் என்பதை அந்தந்தத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். 2015இல் மெல்போர்னில் முதல் கூடத்தைத் திறந்த ஜீரோ லேட்டன்சி மாதிரியானவை கருவி, விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகத் தருபவை. ஆறு ஹெட்செட் கடைக்கு அந்த முதலீடு வேண்டாம்.

மென்பொருளின் பட்டியலில் எத்தனை நூறு விளையாட்டுகள் என்று பார்த்து மயங்காதீர்கள். உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளிலிருந்துதான் வரும். முதன்முறை ஹெட்செட் மாட்டுபவருக்கு ரிச்சிஸ் பிளாங்க் எக்ஸ்பீரியன்ஸ்; வானளாவிய கட்டடத்தின் உச்சியில் ஒரு பலகைமேல் நடப்பதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் அலறல் கேட்கும், வெளியே நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்குவார்கள். கல்லூரிக் கூட்டத்துக்கு அரிசோனா சன்ஷைன் போல நான்கு பேர் சேர்ந்து சுடுவது. ஹாஃப் லைஃப் அலிக்ஸ் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அது பல மணி நேரக் கதை. பதினைந்து நிமிட டிக்கெட்டுக்குச் சரிப்படாது. இப்படி முதலில் உங்கள் பட்டியலை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் வணிகப் பதிப்பும் இந்தியாவுக்குக் கிடைக்கிறதா, அதே ஹெட்செட்டில் ஓடுமா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பாட்டின் தாளத்துக்கு ஏற்ப வாளால் கட்டைகளை வெட்டும் பீட் சேபரை எல்லோரும் கேட்பார்கள். அதன் தயாரிப்பாளரான பீட் கேம்ஸை 2019இல் ஃபேஸ்புக் வாங்கிவிட்டது. வீட்டுப் பதிப்பில் விலைக்கு வரும் பாடல் தொகுப்புகள் கடைக்கும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கடைப் பையன்கள் யாராவது சினிமாப் பாட்டுகளை அதில் ஏற்றித் தருகிறேன் என்று வருவார்கள். கூட்டம் சேரும், உண்மைதான். ஆனால் பாட்டுக்கு உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனம் இங்கேயே சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறது.

அடுத்தது மீட்டர். விற்பனைப் பிரதிநிதியிடம் நிமிடத்துக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், நிமிடம் எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். ஹெட்செட்டை மாட்டி, பட்டையை இறுக்கி, கண்ணாடி வில்லைகளின் இடைவெளியைச் சரிசெய்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக்கொடுக்க நான்கு நிமிடம் போய்விடும். விளையாட்டு அதற்குள் திறந்திருந்தால், பதினைந்து நிமிட டிக்கெட்டுக்கு நீங்கள் பத்தொன்பது நிமிடத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள். கட்டுவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீண். வாடிக்கையாளர் கழற்றி வைத்த பிறகு விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறதா? பத்து நொடி ஓடினாலும் ஒரு நிமிடமாகக் கணக்கிடுமா? நடுவில் விளையாட்டை மாற்றினால் இரண்டுக்கும் சேர்த்து எழுதுமா? நிமிடத்துக்குப் பத்துப் பைசா குறைப்பதைவிட இந்தப் பதில்களில்தான் உங்கள் லாபம் இருக்கிறது.

சந்தாவா, நிமிடமா என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். ஒரு ஹெட்செட்டுக்கு மாதம் 4,000 ரூபாய், அல்லது நிமிடத்துக்கு 3 ரூபாய். வார நாள்களில் சராசரி 15 நிமிடம், சனி ஞாயிறுகளில் 180 நிமிடம் ஓடும் முதல் ஹெட்செட் மாதத்தில் சுமார் 1,770 நிமிடம் ஓடும். நிமிடக் கணக்கில் 5,310 ரூபாய். சந்தாதான் லாபம். ஆனால் வார இறுதியில் மட்டும், நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் ஆறாவது ஹெட்செட்டுக்கு 480 நிமிடம், 1,440 ரூபாய்தான். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே திட்டம் எடுக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் சந்தாவும், தேர்வு நடக்கும் மார்ச்சிலும் பள்ளி திறக்கும் ஜூனிலும் நிமிடக் கட்டணமும் என்று மாற்றிக்கொள்ள விடுகிறார்களா என்று கேளுங்கள். சில இடங்களில் மாதக் கட்டணமும் நிமிடக் கட்டணமும் சேர்ந்தே வரும். அப்போது இரண்டையும் கூட்டி, எதிர்பார்க்கும் நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள்.

முதல் மூன்று மாதம் நிமிடக் கட்டணத்திலேயே இருங்கள் என்பதுதான் என் யோசனை. கூட்டம் எப்படி வருகிறது என்று தெரியாமல் சந்தாவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பணம் கட்டுவதில் நமக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் உண்டு. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. இந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனத்தின் தானியங்கி நிரப்புதல் சத்தமில்லாமல் தோற்றுப்போகும். இருப்பு தீர்ந்ததும் விளையாட்டுகள் பூட்டிக்கொள்ளும். எனவே முன்பணம் போட்டு வைக்கும் முறை இருந்தால் வெள்ளிக்கிழமைதோறும் கையால் நிரப்புங்கள். வெளிநாட்டுச் சேவை என்பதால் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் ரிவர்ஸ் சார்ஜ் முறையில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குபவரே, வரி கட்ட வேண்டும். வரிப்பிடித்தம் பற்றியும் சேர்த்தே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

முன்பதிவு, உறுப்பினர் அட்டை, டிஜிட்டல் கையொப்பம் போன்ற கூடுதல் வசதிகளுக்குப் பணம் தராதீர்கள். நேரில் வந்து யுபிஐயில் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அவை தேவைப்படாது. சிறுவர்களுக்குத் திகில் விளையாட்டுகள் திறக்காமல் பூட்டும் வசதி மட்டும் அவசியம்.

குவெஸ்ட் இரண்டும் வேறு விஷயம். சாதாரண மெட்டா கணக்கில் வாங்கிய விளையாட்டுகளைக் கடையில் ஓட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் எடுக்கும் மென்பொருள் தனித்து இயங்கும் ஹெட்செட்டுகளுக்கும் வணிக உரிமம் தருகிறதா, உங்கள் மாடலுக்கும் பொருந்துமா என்று உறுதி செய்யும் வரை அவற்றைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். இலவசச் சோதனைக் காலம் கிடைத்தால் ஒரு சனிக்கிழமையில் நான்கு கணினிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டி, நடுவில் இணைய வயரைப் பிடுங்கிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு நிற்கிறதா, இணைப்பு திரும்பியதும் மீட்டர் சரியாகத் தொடர்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.