‘தெரியும்’ என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: மகள் படிக்கலாமா?

கேள்வி: என் மகள் கடலூரில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மேற்படிப்புக்கு மோடல் லாஜிக், அதிலும் ‘அறிவுத் தர்க்கம்’ என்கிறாள். இது தத்துவமா, கணக்கா? இதை நம்பிப் போனால் வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். ‘அறிவுத் தர்க்கம் தெரிந்தவர் தேவை’ என்று எந்தக் கம்பெனியும் விளம்பரம் கொடுக்காது. கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பக்கத்தில் இது ஒரு கிளை. மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கிளைக்கு ஏற வேண்டும். உங்கள் மகள் அதைப் புரிந்துகொண்டு கேட்கிறாள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

‘இருக்கலாம்’, ‘இருந்தே ஆகவேண்டும்’ போன்ற சொற்களின் தர்க்கம்தான் மோடல் லாஜிக்; அதில் ‘யாருக்கு என்ன தெரியும்’ என்பதைக் கணக்காக்கும் பகுதி அறிவுத் தர்க்கம். இதை உங்கள் ஊர்த் துறைமுகத்தை வைத்தே சொல்லலாம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கரையில் நிற்கிற எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் பார்ப்பதையும் பார்க்கிறார்கள். அதே செய்தியை ஒவ்வொரு படகுக்காரருக்கும் தனித்தனியே போனில் சொன்னால் எல்லாருக்கும் தெரியும்தான். ஆனால் பக்கத்துப் படகுக்காரருக்குத் தெரியுமா என்பது யாருக்கும் தெரியாது. முதல் நிலைக்கு ஆங்கிலத்தில் ‘காமன் நாலெட்ஜ்’ என்று பெயர். (‘பொது அறிவு’ என்று தமிழாக்கினால் டிஎன்பிஎஸ்சி வினாத்தாள்தான் கண்ணில் நிற்கும், அதனால் ஆங்கிலப் பெயரே இருக்கட்டும்.) தொலைந்துபோகக்கூடிய செய்திகளை மட்டும் அனுப்பி அந்த நிலையை எட்டவே முடியாது, பதிலுக்குப் பதில் எத்தனை போட்டாலும் தீராது என்று கணினி அறிவியலாளர்கள் ஜோசப் ஹால்பெர்னும் யோராம் மோசஸும் 1984இல் காட்டினார்கள். பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு வரவேண்டிய இடங்களில் இது நேரடியாக உதைக்கும். ஆக, 1962இல் தத்துவவாதி யாக்கோ ஹின்டிக்கா எழுதிய நூலில் தத்துவமாகக் கிளம்பியது, இன்று பாதிக்கு மேல் கணினிக்காரர்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு உதாரணம். இரண்டு கணினிகள் ரகசியச் செய்தி பரிமாறுமுன் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதற்காக 1978இல் வந்த நீடாம்–ஷ்ரோடர் பொதுச்சாவி நெறிமுறையில் (புரோட்டோகால்) இருந்த ஓட்டையை கேவின் லோ 1995இல்தான் கண்டுபிடித்தார், 17 வருஷம் கழித்து. எதிர்முனையில் இருப்பது இன்னார் என்று ஒருவர் ‘அறிந்ததாக’ எண்ணுகிறார். உண்மையில் நடுவில் வேறொருவர். அறிவதும் நம்புவதும் வேறு வேறு. தெரியும் என்றால் அது உண்மையாக இருந்தே ஆகவேண்டும், நம்பிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மூன்று பிள்ளைகள், நெற்றியில் சேறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மற்றவர் நெற்றி தெரியும், தன் நெற்றி தெரியாது. யாருக்குச் சேறு, யாருக்கு இல்லை என்று எட்டு விதமாக இருக்கலாம்; இவற்றைச் ‘சாத்திய உலகங்கள்’ என்பார்கள். அவற்றை ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் எழுதச் சொல்லுங்கள். 12 விளிம்புகளிலும் அந்த இரண்டு மூலைகளையும் பிரித்தறிய முடியாத பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். ‘ஒருவருக்காவது சேறு இருக்கிறது’ என்று அப்பா எல்லார் முன்னும் சொன்னால் ஒரு மூலை போகும், அதோடு 3 விளிம்பும் போகும். ‘தன் நெற்றி யாருக்காவது தெரியுமா?’ என்று கேட்டு மூவரும் ‘தெரியாது’ என்றால் இன்னும் மூன்று மூலைகள் போகும். மிஞ்சுவது 4 மூலை, 3 விளிம்பு. உண்மையில் இருவருக்குச் சேறு என்றால் அந்த மூலையில் ஒரே விளிம்புதான் நிற்கும், அதில் இருப்பது சேறில்லாத பிள்ளையின் பெயர். எனவே அடுத்த முறை கேட்டதும் மற்ற இருவரும் ‘தெரியும்’ என்பார்கள்.

இங்கே அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இருவருக்குச் சேறு இருந்தபோது ‘ஒருவருக்காவது உண்டு’ என்பது மூவருக்குமே முன்பே தெரியும், பிறகு அப்பா புதிதாக என்ன சொல்லிவிட்டார்? கூண்டு ஏற்றினார், அவ்வளவுதான். இதை அவளே பிடித்துவிட்டால் தாராளமாக விடுங்கள். அலுப்பு தட்டினால் அதுவும் ஒரு பதில்.

மாணவர்கள் தவறுகிற இடங்கள்: ‘இல்லை என்று தெரியும்’, ‘உண்டு என்று தெரியாது’ இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது, விளிம்புகளை அம்புக்குறிகளாக வரையும்போது ஒவ்வொரு மூலையிலிருந்தும் அதே மூலைக்குத் திரும்பும் அம்புக்குறியை விட்டுவிடுவது. அந்த அம்பு இல்லாத, வேறு அம்பும் கிளம்பாத மூலையில் பொய்யும் ‘தெரிந்தது’ ஆகிவிடும், கணக்கு முழுதும் கெடும்.

இனி வழி. கணிதம் படிக்கிறவளுக்குக் குறைவது ஆட்டோமேட்டா (கணினியின் கணித மாதிரிகள்), அல்காரிதம், புரோகிராமிங். மூன்றையும் ஐ.ஐ.டி.களின் இணையவழி என்பிடெல் பாடங்களில் இலவசமாகக் கேட்கலாம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். மூன்றாம் ஆண்டிலேயே கேட் (GATE) என்ற தேசிய அளவிலான மேற்படிப்புத் தகுதித் தேர்வை எழுதலாம்; கணினிப் பாடத்திட்டத்தில் அடிப்படைத் தர்க்கம் உண்டு, மோடல் லாஜிக் இல்லை. எம்.எஸ்சி.க்கு சிறுசேரி சென்னை கணிதவியல் நிறுவனத்தின் கணினி அறிவியல் படிப்பைத்தான் முதலில் சொல்வோம், தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். பக்கத்திலேயே வேண்டுமென்றால் காலாப்பட்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகம், கியூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக. எந்தப் பட்டத்துக்கு என்ன முன்பாடம் கேட்கிறார்கள் என்பதை விண்ணப்பிக்கும் வருடத்து ப்ராஸ்பெக்டஸில் பாருங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறையும் உண்டு; உங்கள் கவலை வேலை என்பதால் கணினி வாசல்வழியே நுழைவது நல்லது.

எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் தேட வேண்டிய வேலையின் பெயர் ‘ஃபார்மல் வெரிஃபிகேஷன்’, அதாவது ஒரு சிப்போ மென்பொருளோ சரியாக இயங்குமா என்று கணித முறையில் சரிபார்ப்பது. சிப் வடிவமைக்கும் நிறுவனங்களில் ஆள் எடுக்கிறார்கள். அமேசான் தன் கிளவுட் சேவைகளைச் சரிபார்க்க டிஎல்ஏ ப்ளஸ் என்ற தர்க்கமொழியைப் பயன்படுத்துகிறது, அதை இலவசமாகவே இறக்கிப் பழகலாம். ஆராய்ச்சிக்குப் போனால் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சியாளர்) ஆகிவிட்டால் 42,000.