எல்ஆர்டி: கட்டியது யார், கடனை அடைத்தது யார்?

கேள்வி: ஐயா, நான் தினமும் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எல்ஆர்டி என்ற இலகு ரயிலில் வேலைக்குப் போகிறவள். இதை முதலில் தனியார்தான் கட்டி ஓட்டினார்கள், அப்புறம்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்று என் மாமனார் சொல்கிறார். உண்மையா? ஏன் கைமாறியது?
– வாசகி, செந்தூல்

பதில்: உண்மைதான் அம்மா. உங்கள் தடம் முதலில் ஸ்டார் நிறுவனத்துடையதாக இருந்தது. 1996 டிசம்பரில் அம்பாங் பக்கம் ஓட ஆரம்பித்து, பிறகு செந்தூல் தீமோருக்கும் ஸ்ரீ பெட்டாலிங்குக்கும் நீண்டது. கிளானா ஜெயா தடத்தை ரெனோங் குழுமத்தின் புத்ரா நிறுவனம் கட்டி 1998-ல் திறந்தது, ஓட்டுநர் இல்லாமலே ஓடும் ரயில். கடன் வாங்கிக் கட்டுவது, டிக்கெட் காசில் கடனை அடைப்பது, இதுதான் கணக்கு. ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, நடுவில் 1997-ன் நிதி நெருக்கடியும் வந்து விழுந்தது. 2001 நவம்பரில் இரண்டு நிறுவனங்களின் கடனையும், சுமார் 570 கோடி ரிங்கிட், நிதியமைச்சின் பிரசாரானா நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2002-ல் தடங்களும் ரயில்களும் அதன் கைக்கு வந்தன.

கூட்டம் ஏன் வரவில்லை என்பதற்கு, இரண்டு தடங்களும் சந்திக்கும் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தைப் பாருங்கள். மேலே ஒரு ரயில், நிலத்துக்கடியில் இன்னொரு ரயில். அம்பாங்கிலிருந்து வருகிறவர் கிளானா ஜெயா போக வேண்டுமென்றால் ஒரு கேட்டில் வெளியே வந்து, மறுபடி டிக்கெட் வாங்கி, இன்னொரு கேட்டில் உள்ளே போக வேண்டியிருந்தது. மழை நாளில், கையில் குழந்தையோடு இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் தன் தடத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டது, ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற பயணியைப் பற்றி யோசிக்கும் பொறுப்பு யாருக்கும் எழுதப்படவில்லை. இரண்டும் ஒரே கைக்கு வந்த பிறகும்கூட, வெளியே வராமல் ஒரே டிக்கெட்டில் மாறும் வசதி 2011 நவம்பரில்தான் கிடைத்தது. அவ்வளவு வருடம் தாமதித்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கேள்வி: அப்படியென்றால் தனியாரை இந்தப் பக்கமே விடக்கூடாது என்கிறீர்களா?
– வாசகர், கிள்ளான்

பதில்: இல்லை. லண்டனில் டாக்லேண்ட்ஸ் இலகு ரயில் 1987-ல் அரசுப் பணத்தில் தொடங்கியது. 1997-லிருந்து அதை ஓட்டும் வேலை தனியாரிடம், குறிப்பிட்ட காலத்துக்கு, ஒப்பந்தப்படி. தேம்ஸ் நதிக்கு அடியில் லூயிஷாம் வரை போகும் நீட்டிப்பைத் தனியார் நிறுவனமே கட்டி, 1999-ல் திறந்தார்கள். ஆனால் அந்த ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த இடத்தில் தனியார் கட்டிய பகுதி ஆரம்பிக்கிறது என்று தெரியவே தெரியாது: அதே பெட்டி, அதே டிக்கெட். கட்டணத்தை நிர்ணயிப்பதும் நகர நிர்வாகம்தான். தனியாரிடம் கொடுக்கும்போது எதைக் கொடுக்கிறோம், எதைக் கையிலேயே வைத்துக்கொள்கிறோம் என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன். ரயில் நேரத்துக்கு வர வேண்டும், பெட்டி சுத்தமாக இருக்க வேண்டும், இதற்கெல்லாம் ஓட்டும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கலாம், தவறினால் பணத்தைப் பிடிக்கலாம். ஆனால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது பஸ் எங்கே போகிறது, பெட்ரோல் என்ன விலை, வீடுகள் எங்கே கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அது எதுவும் ரயில் கம்பெனி கையில் இல்லை. அந்த ஆபத்தை முழுக்க அதன் தலையில் கட்டினால், கம்பெனி விழும்போது ரயிலை நிறுத்த முடியாது, கடன் பொதுப்பணத்துக்கே திரும்பி வரும். இங்கே அதுதான் நடந்தது.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸ் மோனோரயிலும் இதே கதைதானா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஏறக்குறைய. 2003 ஆகஸ்ட் 31-ல் தனியார் திறந்தார்கள், 2007-ல் அதுவும் பிரசாரானாவிடம் போனது. பெயர் கேஎல் சென்ட்ரல் நிலையம், நின்றதோ அந்தப் பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே துன் சம்பந்தன் சாலையில். ஊரிலிருந்து ரயிலில் வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்துதான் அங்கே போனார்கள். கூரையோடு உள்ளேயே நடந்து போகும் வழி, நு சென்ட்ரல் பேரங்காடி 2014-ல் திறந்த பிறகுதான் வந்தது.