போரைக் காரணம் சொல்லி ஏற்றிய பெட்ரோல், கேஸ் விலை அப்புறம் ஏன் இறங்கவில்லை? அரசு சொல்வதை நம்பலாமா?

நீங்கள் 2022 உக்ரைன் போரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. சென்னையில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் பல வருடமாக வரவு செலவு நோட்டு எழுதி வருகிறேன். அந்த நோட்டையும், அன்றன்று செய்தியில் வந்த தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

போர் தொடங்கியது 2022 பிப்ரவரி 24. கச்சா எண்ணெய் மார்ச் முதல் வாரத்திலேயே பேரலுக்கு 130 டாலரைத் தாண்டியது. ஆனால் எங்கள் தெருமுனை பெட்ரோல் பங்கில் விலை அசையவே இல்லை. முந்தைய நவம்பர் 4ஆம் தேதியிலிருந்து அதே விலைதான். உத்தரப் பிரதேசம் உள்பட ஐந்து மாநிலத் தேர்தல் அப்போது நடந்துகொண்டிருந்தது. மார்ச் 10 முடிவுகள் வந்தன. மார்ச் 22 அன்று பெட்ரோலும் ஏறியது, சிலிண்டரும் 50 ரூபாய் ஏறியது. அதற்குப் பிறகு அநேகமாகத் தினமும் பைசா பைசாவாக ஏற்றி, 101 ரூபாய் 40 காசாக இருந்த பெட்ரோலை ஏப்ரல் 6க்குள் 110 ரூபாய் 85 காசுக்குக் கொண்டுபோனார்கள். விலை ஏறியதற்குப் போர்தான் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. என்றைக்கு ஏற வேண்டும் என்பதைப் போர் முடிவு செய்யவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது அந்த இடத்தில்தான்.

வரி விஷயத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்திய கலால் வரி ஏறியது போரினால் அல்ல. 2020இல் கொரோனா வந்து உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தபோது, மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் 10 ரூபாய் என்று ஏற்றி, பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசாக ஆக்கினார்கள். 2021 பட்ஜெட்டில் 8 காசும், அந்த நவம்பரில் 5 ரூபாயும் குறைந்தன. போர் நடக்கும்போது, 2022 மே மாதம், இன்னும் 8 ரூபாய் குறைத்தார்கள். மிச்சம் இருந்தது 19 ரூபாய் 90 காசு. கொரோனாவுக்கு முன் இருந்த அளவுக்கே வந்துவிட்டது. அதை வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் அந்த 19.90ஐப் பிரித்துப் பார்த்தால் மனது ஆறவில்லை. அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதி எல்லாம் மாநிலங்களுக்குப் பங்கு தராத செஸ், சிறப்புக் கூடுதல் வரி. இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் வாட் என்ற விற்பனை வரியும் சும்மா இருக்கவில்லை: 13 சதவீதம், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகுதான் இது. 2022 ஏப்ரலில் பிரதமர் மாநிலங்கள் வாட்டைக் குறைக்கவில்லை என்றார், மாநிலம் செஸ்ஸைக் காட்டியது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. என் மகன் வண்டிக்கு அப்போது மாதம் 20 லிட்டர் போட்டான். மத்திய வரி மட்டும் 398 ரூபாய். மாநில வரி தனி. யார் மேல் குற்றம் என்று அவர்கள் பேசி முடிக்கும்வரை அந்தப் பணம் போய்க்கொண்டேதான் இருந்தது.

அப்புறம் இறங்கும் கதை. 2022 கடைசியிலேயே கச்சா எண்ணெய் போருக்கு முந்தைய விலைக்குக் கீழே வந்துவிட்டது. பங்கில், மே மாத வரிக் குறைப்புக்குப் பிறகு வந்த 102 ரூபாய் 63 காசு அப்படியே நின்றது. எண்ணெய் நிறுவனங்கள் பழைய நஷ்டத்தை ஈடுகட்டுகின்றன என்றார்கள். நஷ்டம் உண்மைதான், 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சேர்த்து 18,000 கோடிக்கு மேல் போனது. ஆனால் 2023-24இல் அதே மூன்றும் சுமார் 81,000 கோடி லாபம் பார்த்தன. விலை சுமார் 2 ரூபாய் இறங்கியது 2024 மார்ச் 15. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பு.

சிலிண்டரும் இப்படித்தான். போருக்கு முன் 915.50, 2023 மார்ச்சில் 1,118.50. அந்த ஆகஸ்டில் 200, அடுத்த மகளிர் தினத்தன்று 100 குறைத்தார்கள். மகளிர் தினப் பரிசு என்று டிவியில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கூடுதலாகக் கொடுத்த பணம் அது.

எல்லாமே இறங்காமல் போகவில்லை என்பதையும் நோட்டு காட்டுகிறது. சூரியகாந்தி எண்ணெய் நமக்குப் பெரும்பாலும் உக்ரைனிலிருந்துதான் வந்தது. பாக்கெட் 200 ரூபாயை ஒட்டிப் போனது. 2022 மே மாதம் குறிப்பிட்ட அளவு வரை இறக்குமதி வரியை எடுத்தார்கள், வேறு நாடுகளிலிருந்தும் சரக்கு வந்தது, அடுத்த வருடமே கடையில் விலை நன்றாகக் குறைந்தது. கரன்ட் பில் வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் ஏறியதற்கு மின்வாரியத்தின் கடனைத்தான் காரணம் சொன்னார்கள். அதைப் போர் மேல் போடக் கூடாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொரு வரி. போரினால் எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களுக்குக் கிடைத்த எதிர்பாராத லாபத்தின் மேல் 2022 ஜூலை 1 முதல் ஒரு வரி போட்டார்கள். போட்டது சரி. அந்த வரியை 15 நாளைக்கு ஒரு முறை உலக விலையோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்கினார்கள், 2024 டிசம்பரில் மொத்தமாக எடுத்தும் விட்டார்கள். நிறுவனத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்க்க முடிந்த அரசால், பங்கில் நிற்கிறவனுக்கு ஏன் பார்க்க முடியவில்லை?

என் அப்பாவின் பழைய கடிதக் கட்டில் 1971 டிசம்பர் உறை ஒன்று இருக்கிறது. வழக்கமான தபால்தலையோடு கூட 5 பைசா தலை ஒன்று. குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்ட தலையின் மேல் 'அகதிகள் நிவாரணம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். கிழக்கு வங்காளத்திலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தபோது நவம்பர் 15 முதல் தபால்களுக்குப் போட்ட வரி அது. எதற்கு என்று தலையிலேயே எழுதியிருந்தது. 1973 மார்ச் 31 அன்று அதை நிறுத்தினார்கள். அப்பா சம்பளம் குறைவுதான், ஆனால் அந்த 5 பைசாவுக்கு அவர் முணுமுணுத்ததே இல்லை என்று அம்மா சொல்வார்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். போர் என்று சொன்னால் நம்புகிறேன், ஏறிய காசைக் கொடுக்கவும் செய்கிறேன். எதற்காக என்ற பெயரும், என்றைக்கு எடுப்பார்கள் என்ற தேதியும் அதோடு வரவில்லை என்றால் நான் நம்புவதில்லை. நோட்டில் இப்போது பெட்ரோல் செலவுக்குப் பக்கத்திலேயே கச்சா எண்ணெய் விலையையும் மாதா மாதம் எழுதுகிறேன்.