வாரத்துல மூணு நாள் ஆன்டிபயாடிக், அதுவும் வருஷக்கணக்குல... போடலாமா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கப்பாவுக்கு 64 வயசு, சிடி ஸ்கேன் பாத்துட்டு பிராங்கியெக்டாசிஸ்னு சொல்லிட்டாங்க. போன வருஷம் மட்டும் நாலு தடவ காய்ச்சலும் பச்சைச் சளியுமா படுத்துட்டாரு, அதுல ஒரு தடவ அட்மிட் பண்ற அளவுக்குப் போயிடுச்சு. இப்ப அசித்ரோமைசின் 500 திங்கள் புதன் வெள்ளி போடுங்க, ஒரு வருஷம் பாக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஆன்டிபயாடிக்னா மூணு நாளோ அஞ்சு நாளோ போட்டு முடிக்கணும்னுதானே எல்லாரும் சொல்றாங்க, இப்படி வருஷக்கணக்குல போட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும், அப்புறம் நெஜமாவே தேவைப்படும்போது மருந்து கேக்காமப் போயிடாதா? அப்பா மாத்திரைய வாங்கி வெச்சுட்டு தொடவே மாட்டேங்கறாரு.

பதில்: அப்பா தயங்கறதுல ஒண்ணும் தப்பில்லம்மா. ஆனா இந்த மாத்திரைய அவருக்கு எழுதினதுக்குக் காரணம் வேற, அத யாரும் உக்காந்து சொல்லலன்னு நெனைக்கிறேன். பிராங்கியெக்டாசிஸ்ல மூச்சுக்குழாய் அங்கங்க விரிஞ்சு போயிருக்கும், சளி தானா மேல ஏறி வராது, தேங்கின சளியில கிருமி குடியேறும், கிருமிய அடிக்க வர்ற நம்ம உடம்போட வெள்ளை அணுக்களே குழாய் சுவரையும் சேத்து அரிக்கும், சுவர் இன்னும் விரியும், இன்னும் சளி தேங்கும். இந்தச் சுத்தல எங்கயாவது உடைக்கணும். அசித்ரோமைசின் கிருமிய மட்டும் பாக்கற மருந்து இல்ல, அந்த அழற்சியையும் கொஞ்சம் அடக்குது, சூடோமோனாஸ்னு ஒரு அடாவடிக் கிருமி இருக்கு, அத நேரா கொல்ல முடியாட்டியும் அதோட வேலைய மந்தப்படுத்துது. திசுக்குள்ள போயி நாள்கணக்குல தங்கற மருந்துங்கறதாலதான் தினமும் இல்லாம வாரத்துல மூணு நாளே போதும்னு எழுதறாங்க.

இது இன்னைக்கு நேத்து வந்த யோசனை இல்ல. ஜப்பான்ல டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைட்டிஸ்னு ஒரு மூச்சுக்குழாய் நோய், 1970-கள்ல அது வந்தவங்கள்ல அஞ்சு வருஷம் தாண்டினவங்க நூத்துக்கு சுமார் 63 பேருதான், அப்புறம் குடோங்கற டாக்டரும் அவரோட கூட்டாளிகளும் அசித்ரோமைசினோட அதே குடும்பத்தச் சேந்த எரித்ரோமைசினக் கம்மி டோஸ்ல மாசக்கணக்குல குடுக்க ஆரம்பிச்சாங்க, 1985-க்குப் பிறகு அந்தக் கணக்கு 90-ஐத் தாண்டிடுச்சு. உங்கப்பாவோட நோய்க்கே நியூசிலாந்துல ஒரு ஆய்வு பண்ணி 2012-ல வெளியிட்டாங்க, இதே 500 மில்லிகிராம், இதே வாரம் மூணு நாள், ஆறு மாசம். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்டவங்களுக்கு ஆளுக்கு சராசரியா 1.57 தடவ நோய் முத்துச்சு, அதாவது திடீர்னு கூடிச்சு, மருந்து போட்டவங்களுக்கு 0.59 தடவ. அதாவது முத்தற தடவை பாதிக்கும் கீழ போயிடுச்சு. அடிக்கடி முத்தறவங்களுக்குத்தான் இத யோசிக்கணும்னு வழிகாட்டு நெறிகள் சொல்லுது, உங்கப்பாவுக்கு ஒரே வருஷத்துல நாலு, அதனால எழுதினதுல நியாயம் இருக்கு.

மருந்து கேக்காமப் போகாதான்னு கேட்டீங்கல்ல, போகும், அத நான் மறைக்கப் போறதில்ல. நெதர்லாந்துல ஒரு வருஷம் தினமும் குடுத்துப் பாத்த ஆய்வுல, மருந்து எடுத்தவங்ககிட்ட சோதிச்ச கிருமிகள்ல 88 சதவீதம் இந்த வகை மருந்துக்கு மசியாததா மாறியிருந்துச்சு, வெறும் மாத்திரை போட்டவங்ககிட்ட 26 சதவீதம்தான். அப்படி இருந்தும் மருந்து எடுத்தவங்களுக்கு நோய் கம்மியாத்தான் முத்துச்சுங்கறது இன்னொரு பக்கம். அதனாலதான் லேசா இருமல் இருக்கறவங்களுக்கெல்லாம் இத எழுதக் கூடாதுங்கறோம், அடிக்கடி படுக்கறவங்களுக்கு மட்டும்.

ஆனா ஒண்ணு, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சில டெஸ்ட் முடிஞ்சிருக்கணும், அப்பாவுக்கு எடுத்தாங்களான்னு ஃபைலப் பாருங்க. ஈசிஜி கண்டிப்பா வேணும், ஏன்னா இந்த மருந்து சில பேருக்கு இதயத் துடிப்போட ஒழுங்கக் குலைக்கும், ஈசிஜில க்யூடிசின்னு ஒரு அளவு வரும், ஆம்பளைக்கு 450-க்கு மேல இருந்தா ஆரம்பிக்கவே கூடாது. கல்லீரலுக்கு ஒரு ரத்த டெஸ்ட். எல்லாத்தையும் விட முக்கியமா சளி கல்ச்சர், அதுல சாதாரணக் கிருமியப் பாக்கறதோட சேத்து, டிபி கிருமிக்கு ஒண்ணுவிட்ட சொந்தமான என்டிஎம் கிருமி இருக்கான்னும் பாக்கணும். அது இருக்கறவங்களுக்கு அசித்ரோமைசின் தனியா குடுத்தா பெரிய வம்பு, அந்த நோய்க்கு முக்கியமான மருந்தே அதுதான், தனியா குடுத்து கிருமிய அதுக்குப் பழக்கி விட்டுட்டா அப்புறம் வைத்தியம் ரொம்பக் கஷ்டமாயிடும். சளிய டப்பால குடுக்கும்போது எச்சிலத் துப்பிக் குடுக்கறவங்கதான் ஜாஸ்தி. காலைல எழுந்ததும் வெறும் தண்ணில வாயக் கொப்புளிச்சுட்டு, ரெண்டு மூணு தடவ ஆழமா மூச்சிழுத்து நெஞ்சுலேந்து இருமி எடுக்கச் சொல்லுங்க, டப்பால நுரையும் தண்ணியுமா இருந்தா அது எச்சில்தான், கெட்டியா இருக்கணும்.

இன்னொரு விஷயம், மாத்திரை போட்டாச்சுன்னு சளி எடுக்கற பயிற்சிய விட்டுடக் கூடாது. கண்ணாடில ஆவி படியணும்னா எப்படி வாயத் திறந்து ஹான்னு ஊதுவோமோ அதே மாதிரி வயித்த எக்கி ஊதறது, ஹஃப்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவாங்க, காலைலயும் சாயங்காலமும். என்னக் கேட்டா மாத்திரைக்கு முன்னாடியே இதுதான், இத ஒழுங்காப் பண்ணாம மாத்திரைய மட்டும் நம்பறவங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும்.

கேள்வி: சார், நான் சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) பேஷண்ட், இன்ஹேலர் எடுக்கறேன். என் ஃப்ரெண்டும் இதே நோய்தான், அவனுக்கு அசித்ரோமைசின் குடுத்து ஒரு வருஷமா ஆஸ்பத்திரி பக்கமே போகல. நானும் வாங்கிப் போடலாமா? சிகரெட் ரொம்பக் கொறச்சுட்டேன், நாளைக்கு நாலுதான்.

பதில்: அந்த நாலுலதான் சார் விஷயமே இருக்கு. அமெரிக்காவுல 1,142 பேர ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஒரு வருஷம் குடுத்துப் பாத்து 2011-ல வெளியிட்டாங்க, தினமும் 250 மில்லிகிராம். மருந்து எடுத்தவங்கள்ல பாதிப் பேரு முதல் தடவ முத்தறதுக்கு 266 நாள் ஆச்சு, எடுக்காதவங்களுக்கு 174 நாள். நல்ல பலன்தான். ஆனா அந்தத் தரவையே பிரிச்சுப் பாத்தா, இன்னும் புகைக்கறவங்களுக்குப் பெருசா ஒரு பலனும் தெரியல, விட்டவங்களுக்குத்தான் தெரிஞ்சுச்சு. உங்க ஃப்ரெண்ட் அனேகமா விட்டிருப்பாரு, கேட்டுப் பாருங்க. மொதல்ல அந்த நாலையும் நிறுத்துங்க, இன்ஹேலர் அடிக்கற முறைய டாக்டர் முன்னாடி ஒருதரம் அடிச்சுக் காட்டுங்க (பாதிப் பேரு மருந்த நாக்குக்குத்தான் அடிக்கறாங்க), தடுப்பூசியும் போட்டுக்கங்க, அப்பவும் முத்துச்சுன்னா மாத்திரையப் பத்திப் பேசலாம். நீங்களா வாங்கிப் போடாதீங்க.

கேள்வி: டாக்டர், நாலு மாசமா இந்த மாத்திரை போடறேன், ரெண்டு வாரமா காதுக்குள்ள ஙொய்னு ஒரே இரைச்சல், டிவி சத்தத்த ஏத்தி வைக்க வேண்டியிருக்கு. அடுத்த மாசம் செக்கப் இருக்கு, அப்ப சொன்னா போதுமா?

பதில்: போதாதும்மா. அடுத்த மாத்திரையப் போடாம இன்னைக்கே ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க, காது டெஸ்ட் எடுக்கணும். நிறைய பேருக்கு நிறுத்தினா சரியாயிடும், எல்லாருக்கும் ஆகும்னு உத்தரவாதம் இல்ல, அதனால ஒரு மாசம் தள்ளாதீங்க. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மயக்கமா வருதுன்னா ஃபோனும் வேணாம், நேரா எமர்ஜென்சி. வேற யாராவது டாக்டர் லீவோஃப்ளாக்சசின்னு இன்னொரு ஆன்டிபயாடிக்கோ, வாந்திக்கு டோம்பெரிடோனோ எழுதினாலும் நான் அசித்ரோமைசின் எடுக்கறேன்னு முதல் வேலையா சொல்லுங்க, ரெண்டும் சேந்தா இதயத் துடிப்புக்கு ஆகாது.

கேள்வி: அம்மாவுக்கு சளில சூடோமோனாஸ் வந்திருக்குன்னு நெபுலைசர்ல கொலிஸ்டின்னு ஒரு ஆன்டிபயாடிக் எழுதியிருக்காங்க, முதல் டோஸ் ஆஸ்பத்திரிலதான் போடணுமாம். வீட்ல மெஷின் இருக்கே, எதுக்கு அலைச்சல்?

பதில்: சில பேருக்கு அந்தப் புகை உள்ள போனதும் மூச்சுக்குழாய் இறுகி வீசிங் வந்துடும், அதுக்குத்தான். மருந்து போடறதுக்கு முன்னாடியும் போட்ட பின்னாடியும் ஊதச் சொல்லி அளந்து பாப்பாங்க, தாங்குதுன்னா வீட்லயே தொடரலாம். வீட்ல போடும்போது குழாய் விரிய வைக்கற மருந்த முதல்ல, அப்புறம் பிசியோ பண்ணி சளிய எடுத்துட்டு, கடைசியா கொலிஸ்டின். கப்பையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவையும் கழுவிக் காய வைங்க, ஈரமா மூடி வெச்சா அதுலயே கிருமி வளரும்.

கேள்வி: ஒரு வருஷம் முடிஞ்சுபோச்சு சார், ஒரே ஒரு தடவதான் முத்துச்சு. நிறுத்திடலாமா, இல்ல ஆயுசுக்கும் இதுதானா?

பதில்: ஆயுசுக்கும்னு யாரும் எழுத மாட்டாங்க. ஆறு மாசத்துல ஒரு தடவ, ஒரு வருஷத்துல ஒரு தடவ உக்காந்து கணக்குப் பாக்கணும். முன்னாடி வருஷம் எத்தன தடவ முத்துச்சுன்னு சொல்லல நீங்க, மூணு நாலுன்னா இது நல்ல பலன், முன்னாடியும் ஒண்ணுதான்னா இத்தன நாள் போட்டதே வீண். நல்லா இருக்கறவங்களுக்குக் கொஞ்ச மாசம் இடைவெளி விட்டுப் பாக்கறதும் உண்டு. விடறதா இருந்தா காலண்டர்ல குறிச்சுட்டு வாங்க: இருமல் கூடுறது, சளி கூடுறது, கலர் மாறறது, மூச்சு வாங்கறது, அசதி, சளில ரத்தம், இதுல கொறஞ்சது மூணு சேந்து 48 மணி நேரம் நீடிச்சா அத முத்தினதா எழுதுங்க, சும்மா ஒரு நாள் மூக்கு ஒழுகினதெல்லாம் கணக்குல வராது. அந்தக் காலண்டரோட டாக்டர்கிட்ட போங்க, தொடரணுமா விடணுமான்னு அதப் பாத்துட்டு அவரால சொல்ல முடியும்.