14 வருடம் கழித்து அதே கட்டி திரும்ப வருமா?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு 72 வயது. 14 வருடத்துக்கு முன் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் பெரிய கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்தோம். 'சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர், சாதுவானதுதான்' என்றார்கள். 5 வருடம் ஸ்கேன் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டோம். இப்போது அதே பக்கத்தில் மறுபடி கட்டி, கல்லீரலிலும் இரண்டு. கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறது, அதனாலா? சில நாட்களாக விடியற்காலையில் வியர்த்து, பேச்சுக் குழறி, காபி குடித்ததும் சரியாகிவிடுகிறார்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அவரைச் சரியாக்குவது காபி இல்லை, அதில் போட்ட சர்க்கரையாகத்தான் இருக்கும். இந்தக் கட்டி பெரிதாகும்போது சிலருக்கு இன்சுலின் மாதிரியே வேலை செய்கிற ஐ.ஜி.எஃப்-2 என்ற பொருளைச் சுரந்து, ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். 1930-லேயே டோகி, பாட்டர் என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதி வைத்த விஷயம். இன்றைக்கே ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, குழறுகிற அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் மாத்திரை போடுகிறவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, 14 வருடம். வரும். மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்ததுகூட 10, 15 வருடம் கழித்துத் தலைதூக்கும், கல்லீரல், எலும்பு என்று பரவவும் செய்யும். 5 வருடம் தாண்டினால் தப்பித்தோம் என்ற கணக்கு இதனிடம் செல்லாது. ஸ்கேனை நிறுத்தியது யார் தப்பு என்று வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். கூரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பெஸ்டாஸால் வருவது மீசோதீலியோமா என்ற புற்றுநோய், அதே சவ்வில் வந்தாலும் வேறு நோய்.

ஆனால் கல்லீரலில் இருப்பது இதேதானா என்று ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. எடுத்த சதை இந்தக் கட்டிதானா என்று காட்டுகிற எஸ்.டி.ஏ.டி-6 என்ற சாயப் பரிசோதனை கேளுங்கள். இதற்குக் காரணமான ஜீன் மாற்றத்தையே 2013-ல்தான் கண்டுபிடித்தார்கள், அதனால் அப்பச்சிக்கு அப்போது இதைச் செய்திருக்க வாய்ப்பில்லை.

எடுக்க முடிகிற இடத்தில் இருந்தால் இரண்டாவது தடவையும் ஆபரேஷன்தான் நல்லது, கட்டி போனால் சர்க்கரை இறங்குவதும் பெரும்பாலும் நின்றுவிடும். முடியாவிட்டால் ரேடியேஷன், பசோபனிப் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. வழக்கமான கீமோ இதில் அவ்வளவாகக் கேட்பதில்லை. அபூர்வமான கட்டி, ஆகையால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மாதிரி பல டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கிற இடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவில் வியாபாரம் செய்த காலத்துப் பேரேடு பெட்டியில் பத்திரமாக இருக்கும், ஆபரேஷன் ரிப்போர்ட் மட்டும் கிடைக்காது! தேடிப் பாருங்கள். கூடவே, பழைய கட்டியையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க, பழைய ஆஸ்பத்திரியில் கட்டியைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் கேளுங்கள். 'பிளாக் வேண்டும்' என்றே சொல்லுங்கள், ரிப்போர்ட் என்று கேட்டால் ஒரு ஜெராக்ஸைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.